சுழலும் கம்பியில் விரித்த கோழி: கூடு முதல் கரி வரை முழு வழிகாட்டி

மதுரையில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எந்த மெயின் ரோட்டில் நடந்தாலும் இரண்டு காட்சி கண்ணில் படும். ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் குத்தப்பட்டுச் சுற்றும் கிரில் சிக்கன். இன்னொன்று, கரி அடுப்பின் மேல் இரண்டு கம்பி ஜாலிக்கு நடுவே படிந்து கிடக்கும் அல்ஃபாம். முதலாவதில் கோழி தானே சுற்றும், ஆனால் பெரும்பாலும் கேஸ் சூடு. இரண்டாவதில் கோழியைப் பிளந்து விரித்திருப்பார்கள், கரி வாசம் இருக்கும். ஆனால் அடுப்பை விட்டு நகராமல் ஓர் ஆள் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஃபஹம் என்றால் அரபியில் கரி. பெயரிலேயே அடுப்பு இருக்கிறது.

விரித்த கோழி, கரி நெருப்பு, தானே சுற்றும் கம்பி மூன்றையும் என் வீட்டு மொட்டை மாடியில் ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு என்னென்ன சாமான் வேண்டும், எந்த அளவில் வேண்டும், எப்படிப் பூட்ட வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மோட்டாரைப் பற்றித்தான் கேட்பார்கள். விரித்த கோழிக்கு மோட்டார் இரண்டாம் பட்சம். கூடு சரியாக அமைவதும், அந்தக் கூடு கம்பியில் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதும்தான் முக்கியம். காசையும் நேரத்தையும் அங்கே போடுங்கள்.

விரிப்பது எதற்கு, சுற்றுவது எதற்கு

முழுக் கோழியைக் கம்பியில் குத்திச் சுட்டால், தொடை வேகிற நேரத்துக்குள் நெஞ்சுக்கறி வறண்டு நார் நாராகிவிடும். முதுகெலும்பை எடுத்துவிட்டு விரித்து அழுத்தினால் கோழி முழுக்க ஏறக்குறைய 4, 5 செ.மீ. கனத்துக்கு வந்துவிடும். நெஞ்சும் தொடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். நேரமும் குறையும்.

ஆனால் விரித்த கோழியைக் கம்பியில் குத்தி நிறுத்த முடியாது. கம்பி நுழைய வயிற்றுப் பகுதியே இல்லை. கம்பியில் பூட்டும் கவ்வு முள்ளைப் பக்கவாட்டில் குத்தி இறுக்கினாலும், கறி வெந்து இளகும்போது முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், இறக்கையும் காலும் தொங்க ஆரம்பிக்கும். அதனால்தான் கூடு: இரண்டு ஜாலிக்கு நடுவே கோழியை வைத்துப் பூட்டி, அந்தக் கூட்டையே கம்பியில் சுற்றவிடுகிறோம்.

சுற்றுவதன் பலன் கொழுப்பில் தெரியும். நிமிஷத்துக்கு 5 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. உருகும் கொழுப்பு ஒரே இடத்தில் சொட்டாமல் கோழியின் மேலேயே ஓடிப் புரளும். தோல் சில விநாடி சூடு வாங்கி, சில விநாடி ஆறி, மறுபடி வாங்கும். கருகாமல் மொறுமொறுப்பாவது இப்படித்தான்.

கோழியை அளந்துவிட்டுக் கூட்டுக்குப் போங்கள்

பலர் கூட்டைச் செய்துவிட்டுக் கோழி தேடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். வீட்டுக்கு வழக்கமாக எவ்வளவு பெரிய கோழி வாங்குவீர்கள் என்று முடிவு செய்து, ஒன்றை வாங்கி விரித்து அளந்து பாருங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு, சுத்தம் செய்தபின் 1.2 கிலோ நிற்கும் பிராய்லர் கோழி. கடையில் சொல்லும்போது தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழக்கத்தில் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள். "பாய், தோலோட வேணும். துண்டு போடாதீங்க. முதுகெலும்பை மட்டும் ரெண்டு பக்கமும் கத்தரிச்சு எடுத்துருங்க." இவ்வளவு போதும். வீட்டில் செய்வதென்றால் நல்ல கனமான கத்தரி வேண்டும். வால் பக்கத்தில் தொடங்கி, முதுகெலும்பின் இரு ஓரமும் கழுத்து வரை வெட்டுங்கள். பிறகு தோல் மேலே வருமாறு கவிழ்த்து வைத்து, நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து உடம்பு பாரத்தோடு அழுத்துங்கள். நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கோழி படிந்துவிடும். இறக்கை நுனியைப் பின்னால் மடித்துச் செருகுங்கள்.

இப்போது பழைய பேப்பரில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அளந்தால், எனக்கு நீளம் 28 செ.மீ., அகலம் 25 செ.மீ. வாக்கில் வந்தது. எல்லாப் பக்கமும் ஒன்றிரண்டு விரல் இடம் விட்டு, 32க்கு 28 என்று கூட்டின் உள் அளவை வைத்துக்கொண்டேன்.

நாட்டுக்கோழியில் ஆசை இருப்பவர்களுக்கு: முற்றின கோழி இதற்கு ஆகாது, ரப்பராகிவிடும். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியாகப் பாருங்கள். உடம்பு சின்னது என்பதால் கூட்டில் ஆடாமல் இருக்க ஜாலியை இன்னும் நெருக்கிப் பூட்ட வேண்டியிருக்கும்.

கூடு

ரெடிமேடாக வாங்கும் தட்டைக் கூடுகளில் மூன்றைப் பாருங்கள்: உள் நீள அகலம், கம்பித் துளையின் அளவு, இரண்டு ஜாலிக்கு இடையிலான உயரத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்பது. உயரம் மாற்ற முடியாத கூடு வேண்டாம். கோழி வேக வேகச் சுருங்கும். பூட்டியபோது இறுக்கமாக இருந்தது அரை மணியில் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் தொப் தொப்பென்று விழும். அப்படி விழுந்து விழுந்து தோல் உரிந்துவிடும்.

எனக்குச் சரியான அளவில் அமையாததால் கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் செய்யச் சொன்னேன். கப்பலூர் சிட்கோ பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயும் பட்டறைகள் உண்டு. ஆர்கான் வெல்டிங் வைக்கும் பட்டறையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். எவர்சில்வர் கம்பியைச் சாதாரண ராடு வைத்து ஒட்டினால் ஒட்டின இடத்தில் துரு பிடிக்கும்.

பொருள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 304 தர எவர்சில்வர்தான். எலுமிச்சை, தயிர், உப்பு மூன்றும் சூட்டோடு சேரும்போது 202 தரத்தில் சீக்கிரமே புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது, 202லும் காந்தம் ஒட்டாது. தரம் பார்க்கும் ரசாயனத்தை ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார்கள், கேட்டு வாங்குங்கள். அடுத்தது, ஜி.ஐ. கம்பி வலை கூடவே கூடாது. அதன் மேல் பூச்சு துத்தநாகம். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும், எரியும் கரி அதைத் தாண்டிப் போகும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கோழிக்கூண்டு வலையை வெட்டிப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அமைப்பு இதுதான். 6 மி.மீ. கம்பியில் 32க்கு 28 செ.மீ. அளவில் இரண்டு சட்டம். சட்டத்துக்குள் 3 மி.மீ. கம்பிகள். நான் வரைந்து கொண்டுபோன படத்தில் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டிருந்தேன். பட்டறை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்துத் தரையில் நாலைந்து கோடு நீளவாக்கில் இழுத்து, குறுக்கே இரண்டே கோடு போட்டார். "கட்டம் போட்டா ஒவ்வொரு மூலையிலயும் மசாலா ஏறி உக்காரும் தம்பி. கழுவிப் பாத்தாத் தெரியும். நெடுக்க மட்டும் போடுவோம். குறுக்க ரெண்டு தாங்கு போதும்." அவர் சொன்னபடியே 2 செ.மீ. இடைவெளியில் நீளவாக்குக் கம்பிகள், குறுக்கே இரண்டு. கழுவச் சுலபம். அதோடு கம்பி குறைந்ததால் கோழி மேல் விழும் நிழலும் குறைந்தது, கூட்டின் எடையும் ஒன்றரைக் கிலோவில் நின்றது.

கீழ் ஜாலியின் இரு முனையிலும் 2 மி.மீ. தகட்டில் ஒரு பட்டை நிற்க வைத்து ஒட்ட வேண்டும். அந்தப் பட்டையில், ஜாலிக்கு வெளிப்பக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், நடுவாகச் சதுரத் துளை. கம்பி இதில் நுழையும். பட்டையின் மறுபாதியில் நெட்டுக்குத்தாக இரண்டு நீளப் பிளவுகள். மேல் ஜாலியின் போல்ட்டுகள் இந்தப் பிளவில் ஏறி இறங்கும், காது வைத்த நட்டால் இறுக்கிக்கொள்ளலாம். இடைவெளி 3 செ.மீ. முதல் 6 செ.மீ. வரை மாறினால் எல்லா அளவுக் கோழிக்கும் சரிவரும். நட்டும் எவர்சில்வராக இருக்கட்டும். சூட்டில் இருக்கும்போது இடுக்கியால் திருப்பும் அளவுக்குக் காது பெரிதாக இருக்க வேண்டும்.

துளையை ஒரு பொடி அதிகமாக விடச் சொல்லுங்கள். 10 மி.மீ. கம்பிக்கு 10.5 மி.மீ. துளை. கச்சிதமாக 10 வைத்தால் சூட்டில் இறுகிக்கொண்டு கழற்ற வராது.

அவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. ஓட்டல் சாமான் விற்கும் கடைகளில் அல்ஃபாமுக்கும் மீனுக்கும் கைப்பிடி வைத்த இரட்டை ஜாலி கிடைக்கும். பளபளவென்று முலாம் பூசியது வேண்டாம், வெறும் எவர்சில்வராகப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சதுரக் குழாய்த் துண்டை ஒட்டித் தரச் சொன்னால் கம்பி அதில் நுழைந்துவிடும். குறை என்னவென்றால், கோழி சுருங்கும்போது நெருக்க முடியாது. சுடும்போது நடுவில் நிறுத்தி, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி இறுக்க வேண்டிவரும்.

புதுக் கூட்டை வாங்கிவந்த உடனே கோழியை வைக்காதீர்கள். பட்டறை எண்ணெயும் வெல்டிங் கறையும் அதில் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, வெறும் கூட்டை அரை மணி நேரம் கரி மேல் சுற்றவிட்டு, மறுபடி கழுவுங்கள்.

கம்பி

10 மி.மீ. சதுரக் கம்பி, 304 தரம். உருண்டைக் கம்பியில் கூடு நழுவிச் சுற்றும். 8 மி.மீ. வைத்தால் 70 செ.மீ. இடைவெளியில் நடுப்பாகம் இரண்டு மூன்று மி.மீ. தொங்கும். ஒரு கோழிக்குப் பரவாயில்லை, ஆனால் 10 வைத்தால் நிம்மதி. நீளம், அடுப்பின் உள் நீளத்தோடு இரு பக்கமும் 20 செ.மீ. கூடுதலாக.

சதுரக் கம்பியை அப்படியே தாங்கியில் வைத்தால் ஒவ்வொரு மூலைக்கும் தடக் தடக்கென்று குதிக்கும். தாங்கியில் உட்காரும் இரண்டு இடத்தை மட்டும் லேத்தில் கொடுத்து உருட்டி வாங்குங்கள். மோட்டாரில் செருகும் நுனி சதுரமாகவே இருக்கட்டும். தாங்கிக்கு பேரிங் எல்லாம் தேவையில்லை, சூட்டில் கிரீஸ் உருகிவிடும். வி வடிவத்தில் வெட்டின தகடு போதும். அந்த வெட்டில் கம்பி ஓடும்போது கிறீச்சிட்டால் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடுங்கள். மோட்டார் இல்லாத நுனியில் ஒரு கைப்பிடி மாட்டிக்கொள்ள இடம் வையுங்கள். பராமரிப்புக்கென்று கரண்ட் நிறுத்தும் நாளில் அதுதான் துணை.

எதிர் எடை: விடக்கூடாத சாமான்

மேலே சொன்ன கூட்டில் கோழி கம்பிக்கு ஒரு பக்கமாகத்தான் உட்காரும். கம்பியின் நடுவிலிருந்து பாரத்தின் மையம் ஏறக்குறைய 3 செ.மீ. தள்ளி இருக்கும். கோழி 1.2 கிலோ, கூடு 1.5 கிலோ, மொத்தம் 2.7. இதை 3 செ.மீ.ஆல் பெருக்கினால் 8.1. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மோட்டார் சுமார் 8 கிலோ சென்டிமீட்டர் பாரத்தைத் தூக்கி மேலே கொண்டுபோக வேண்டும், பிறகு அதே பாரம் மறுபக்கம் தானாக விழும்.

முதல் தடவை நான் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏர்கூலரில் தகடு ஆட்டும் சின்ன மோட்டார் ஒன்று வீட்டில் கிடந்தது, அதைப் பூட்டினேன். கோழி இல்லாமல் நன்றாகச் சுற்றியது. கோழியை வைத்ததும் மேலே ஏறும்போது திணறும், உச்சி தாண்டினதும் தடாலென்று கவிழும். நெஞ்சுப் பக்கம் வேகமாக நெருப்பைக் கடந்து போனது, எலும்புப் பக்கம் மெதுவாகப் போனது. கால் மணி நேரத்தில் மோட்டாரின் பல் சக்கரம் தேய்ந்து, பாரமான பக்கம் கீழே பார்த்தபடி கோழி நின்றுவிட்டது. நான் கீழே தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தபோது நெஞ்சு முழுக்கக் கரி. வீட்டில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து எதிர் எடை இல்லாமல் அடுப்பு பற்ற வைப்பதில்லை.

எதிர் எடை பெரிய தொழில்நுட்பம் இல்லை. 20 செ.மீ. நீள மரையுள்ள கம்பி ஒன்று, அதன் அடியில் சதுரக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், மேலே ஏறி இறங்கும்படி அரைக் கிலோ இரும்பு உருளை. அரைக் கிலோவை 16 செ.மீ. தூரத்தில் வைத்தால் அதே 8 வந்துவிடும். ஒரு கிலோ என்றால் 8 செ.மீ. போதும். இதை அடுப்புச் சுவருக்கு வெளியே, கைப்பிடிப் பக்கம் மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் சுற்றும்போது கரியில் இடிக்கும்.

சரிபார்க்கும் முறை:

1. கோழியைக் கூட்டில் பூட்டி, மோட்டாரில் செருகாமல், கம்பியைத் தாங்கிகளில் மட்டும் வையுங்கள்.
2. பாரமான பக்கம் தானாகக் கீழே திரும்பும். எதிர் எடைக் கம்பி அப்போது நேர் மேலே பார்க்கும்படி கிளாம்பை இறுக்குங்கள்.
3. கூட்டைப் பக்கவாட்டில் கால் சுற்று திருப்பிக் கையை எடுங்கள். கூடு கீழே விழுந்தால் உருளையை வெளியே தள்ளுங்கள், உருளை கீழே விழுந்தால் உள்ளே தள்ளுங்கள்.
4. எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கிறதா, சரி. இப்போது மோட்டாரில் செருகலாம்.

பாதி வெந்தபின் ஒரு தடவை மறுபடி பாருங்கள். கொழுப்பும் நீரும் வடிந்து கோழி எடை குறைந்திருக்கும், உருளையைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டியிருக்கும்.

மோட்டார்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். நிமிஷத்துக்கு 3 முதல் 6 சுற்று, 230 வோல்ட்டில் ஓடும் கியர் மோட்டார், முறுக்கு விசை 25 அல்லது 30 கிலோ சென்டிமீட்டர். எதிர் எடை சரியாக இருந்தால் இதில் பாதி கூடத் தேவைப்படாது, ஆனால் கோழி கூட்டுக்குள் நகர்ந்தால் தாங்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் கவலையில்லை. இருபது வாட் வாக்கில்தான் கரண்ட் இழுக்கும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். கார் வைப்பர் மோட்டாரைச் சிலர் சொல்வார்கள். அது நிமிஷத்துக்கு நாற்பது சுற்றுக்கு மேல் போகும், வேகத்தைக் குறைக்கத் தனி சாமான் வேண்டும்.

மோட்டாருக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். மோட்டாரின் உடம்பில் எர்த் ஒயர் இணைத்து மூன்று முள் பிளக்கில் கொடுங்கள். மொட்டை மாடியில் ஈரக் கையோடு தொடுவோம், மசாலாக் கையோடு தொடுவோம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இல்லையென்றால், இந்தச் சாக்கிலாவது போட்டுவிடுங்கள். ஒயர் அடுப்பின் மேல் போகக்கூடாது.

அடுப்பு

விரித்த கோழிக்கும் முழுக் கோழிக்கும் அடுப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முழுக் கோழி உருண்டை, சுற்றும்போது நெருப்புக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறாது. 28 செ.மீ. அகலக் கூடு அப்படி இல்லை. படுத்திருக்கும்போது நெருப்பிலிருந்து தள்ளி இருக்கும். நெட்டுக்குத்தாக வரும்போது அதன் ஓரம் கம்பியிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும். அதற்குக் கீழே இன்னும் 10 செ.மீ.யாவது காற்று வேண்டும். ஆக, கரியின் மேல்மட்டத்திலிருந்து கம்பி 25 செ.மீ. உயரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

200 லிட்டர் ட்ரம்மை நெடுக்காகப் பாதியாக வெட்டி அடுப்பாக்குவது ஊரில் வழக்கம். அதன் ஆழம் 28 செ.மீ. சொச்சம்தான். கரி போட்டதும் 20 ஆகிவிடும். விளிம்பிலேயே கம்பியை வைத்தால் கூட்டின் ஓரம் கரிக்கு 5 செ.மீ. பக்கத்தில் வந்துவிடும். இரு முனையிலும் 15 செ.மீ. உயரத் தூண் வைத்து அதன் மேல் தாங்கியை ஒட்டுங்கள். ட்ரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது செங்கல்தான். சிமெண்ட் பூசாமல் அடுக்கி, வேலை முடிந்ததும் பிரித்துவிடலாம். உள் அகலம் 55 செ.மீ., உள் நீளம் 70 செ.மீ., உயரம் ஐந்து வரிசை. கீழே காற்றுப் போக முன்பக்கம் இரண்டு கல்லை இடைவெளி விட்டு வையுங்கள். மாடியில் தட்டோடு பதித்திருந்தால் சூட்டில் வெடிக்கும் அல்லது பெயரும். அடியில் நாலு விரல் கனத்துக்கு மணல் கொட்டி, அதன் மேல் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அப்புறம் அடுப்பைக் கட்டுங்கள். துணி காயும் கொடிக்கும் அடுப்புக்கும் நல்ல தூரம் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

கரி நேர் கீழே கூடாது. முன் சுவரோரம் ஒரு நீளக் குவியல், பின் சுவரோரம் ஒரு நீளக் குவியல். நடுவில் கூட்டுக்கு நேர் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு விரல் ஆழம் தண்ணீர். வடியும் கொழுப்பெல்லாம் இதில் விழ வேண்டும். கரியில் விழுந்தால் தீ நாக்கு எழும்பும், தோல் கருகும், கசப்புப் புகை ஏறும்.

வீட்டு ஓ.டி.ஜி. அவனில் சுற்றும் கம்பி இருக்கிறதே, அதில் இந்தக் கூட்டை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சுற்றும்போது கூட்டுக்கு 30 செ.மீ. விட்டம் வேண்டும். மேலும் கீழும் இருக்கும் ஹீட்டரில் இடிக்காமல் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

கரி, பிறகு நெருப்பு

கரி விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி மதுரைக்குத் தாராளமாக வருகிறது. அந்த மரம் நிலத்துக்குச் செய்யும் கேடு தனிக் கதை, ஆனால் அதன் கரி கெட்டியானது, நின்று எரியும். சிரட்டைக் கரி சீக்கிரம் பற்றும், சூடும் அதிகம், ஆனால் வேகமாக அடங்கிவிடும். பற்ற வைக்கக் கொஞ்சம் சிரட்டைக் கரி, நின்று எரிய சீமைக் கருவேலம் என்று கலந்து வைத்துக்கொள்கிறேன். ஒரு கோழிக்கு இரண்டரைக் கிலோ இருந்தால் தாராளம். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், வாசம் கறியில் ஏறிவிடும். காய்ந்த தென்னம்பாளையே போதும்.

கரி கறுப்பாக இருக்கும்போது கோழியை ஏற்றக்கூடாது. மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்து உள்ளே சிவப்பாகத் தெரிய வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பதம். கூடு வரும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ணுங்கள். நாலைந்து விநாடி தாங்கினால் சரியான சூடு. இரண்டிலேயே கையை இழுத்தால் கரியைச் சுவரோரம் இன்னும் ஒதுக்குங்கள்.

சுடும் வேளை

மசாலா உங்கள் கைப்பக்குவம். நான் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய், இஞ்சி பூண்டு அரைத்து, கெட்டித் தயிரும் எலுமிச்சையும் சேர்த்து நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவைக்கிறேன். இரண்டே எச்சரிக்கை: சர்க்கரை, தேன் சேர்ந்தால் கருகும். தளர்வான மசாலா கூட்டோடு ஒட்டும், அதனால் கூட்டில் வைக்கும் முன் மேலே திரண்டிருப்பதை வழித்துவிடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் பச்சைக் கோழியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். நெருப்பு தயாரான பிறகு ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள்.

கூட்டின் இரண்டு ஜாலியிலும் எண்ணெய் தடவுங்கள். எலும்புப் பக்கம் கம்பியைப் பார்க்கும்படி வையுங்கள். கம்பியின் நிழல் ஒரு கோடாக விழும், அது தோல் பக்கம் விழ வேண்டாம். கால்களை உள்பக்கம் திருப்பி, கோழி நடுவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் ஜாலியை இறக்கி நான்கு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். கோழி ஆடக்கூடாது, ஆனால் சதை பிதுங்கும் அளவுக்கு நெருக்கவும் வேண்டாம்.

எதிர் எடை பார்த்தாயிற்று, மோட்டாரை ஓடவிடுங்கள். இருபதாவது நிமிஷம் நிறுத்தி, சுருங்கின அளவுக்கு நட்டுகளை இறுக்கி, இரு குவியலிலும் ஒவ்வொரு கை கரி சேருங்கள். நாற்பதாவது நிமிஷத்தில் எதிர் எடையை மறுபடி சரிபாருங்கள். எலும்புப் பக்கம் வெளுப்பாகத் தெரிந்தால், கம்பியை மோட்டாரிலிருந்து உருவி, கைப்பிடியைப் பிடித்து அந்தப் பக்கத்தை நெருப்புக்குக் காட்டி மூன்று நிமிஷம் நிறுத்தலாம்.

ஐம்பது நிமிஷம், ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் நேரத்தை நம்பாதீர்கள். காற்றடித்தால் ஒரு கணக்கு, அடிக்காவிட்டால் ஒரு கணக்கு. டிஜிட்டல் முள் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். தொடையின் கனமான இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது. தொடை 80 வரை போனால் இன்னும் மிருதுவாகக் கழன்று வரும். இறக்கியதும் கூட்டைத் திறந்து, பச்சைக் கோழி வைத்த தட்டு அல்லாத வேறு தட்டுக்கு மாற்றி, பத்து நிமிஷம் ஆறவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

கூட்டைச் சூடு அடங்குவதற்குள் வெந்நீரில் ஊறப்போடுங்கள். அரை மணி கழித்துத் தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்தால் ஒட்டின மசாலா போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் முடி உதிர்ந்து ஜாலியில் ஒட்டி, அடுத்த தடவை கறியோடு வாய்க்குள் போகும்.

ஆள் அதிகம் வந்தால்

ஒரே கூட்டில் இரண்டு கோழியைத் திணிக்காதீர்கள். இதே அளவில் இன்னொரு கூடு செய்து, 12 மி.மீ. கம்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்துவிடுங்கள். துளைகளை அதற்கேற்ப 12.5 மி.மீ. ஆக்க வேண்டும், அடுப்பை 90 செ.மீ. நீளத்துக்கு நீட்ட வேண்டும். கோர்க்கும்போது ஒரு கூடு கம்பிக்கு மேலே இருந்தால் மற்றது கம்பிக்குக் கீழே இருக்கட்டும். ஒரு கோழியின் பாரத்தை மற்றதே தூக்கிவிடும். கிட்டத்தட்ட ஒரே எடையில் இரண்டு கோழி பார்த்து வாங்கினால், எதிர் எடை உருளையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம்.